எடைக்காகப் பட்டினி வீரமல்ல!

(தி.நகரில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மயிலாப்பூர், அடையாறு, தி.நகர்ப் பகுதிகளில் நம் பிள்ளைகள் குத்துச்சண்டை, ஜூடோ, டேக்வாண்டோ பயிற்சிக்குச் செல்வது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இவ்விளையாட்டுகளில் எடைப்பிரிவு உண்டு. கீழ்ப்பிரிவில் இறங்கினால் எளிதாக வெல்லலாம் என்று வளரும் பிள்ளை சோற்றையும் தண்ணீரையும் நிறுத்தினால் என்ன ஆகும்?

1997 இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும் முயற்சியிலேயே உயிரிழந்தனர். நம் இளைஞர்கள் கொண்டாடும் தாகெஸ்தான் வீரர் கபீப், 2017 மார்ச்சில் எடை குறைக்கும்போது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், போட்டியே ரத்தானது. 2024 ஆகஸ்டில் பாரிஸில் நம் நாட்டு வினேஷ் போகத் இரவெல்லாம் பயிற்சி செய்து, தலைமுடியையும் வெட்டினார். அப்படியும் 100 கிராம் கூடியதால் இறுதிப்போட்டியை இழந்தார். அவருடன் மருத்துவர்கள் இருந்தார்கள். நம் தெருப் பிள்ளையுடன் யார் இருக்கிறார்கள்?

போட்டி முடிந்தாலும் இந்தப் பழக்கம் சிலரை விடுவதில்லை. உணவே பகையாகி, மனநோயாக முற்றிவிடுகிறது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை கிறிஸ்டி ஹென்ரிச் இந்நோயால் 1994இல் 22 வயதில் இறந்தார்.

"நோன்பு வைக்கும் சமுதாயத்துக்குப் பட்டினி புதிதா?" என்று சிலர் கேட்கலாம். நோன்புக்கு ஸஹர் உண்டு, இஃப்தார் உண்டு, நோயாளிக்குச் சலுகை உண்டு. இடைவிடாது நோன்பு நோற்ற அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் உரிமை உண்டு என்பதை நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்துக்கே எல்லை இருக்கும்போது பதக்கத்துக்கு இல்லையா?

பெற்றோர்களே! பிள்ளை சேர்ந்து சாப்பிட மறுக்கிறதா? சாப்பிட்டதும் குளியலறைக்குள் புகுந்து வாந்தி எடுக்கிறதா? அடிக்கடி மயக்கமா, எலும்பு முறிவா? பெண் பிள்ளைக்கு மாதவிடாய் மூன்று மாதம் நின்றுவிட்டதா? திட்டாதீர்கள், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும்.

வியாபாரப் பெருமக்களே! கோப்பைக்கும் சீருடைக்கும் நன்கொடை தருபவர்கள் நீங்கள். ஒரு நிபந்தனை போடுங்கள்: பதினெட்டு வயதுக்குட்பட்டவரைப் பட்டினி போட்டுக் களமிறக்கும் குழுவுக்கு நம் பணம் இல்லை. பிள்ளை தன் இயல்பான எடைக்குரிய பிரிவிலேயே மோதட்டும், தோற்றாலும் பரவாயில்லை. தராசில் நேர்மை காப்பது நம் கடமை. பிள்ளைகள் ஏறும் தராசிலும் அதைக் காப்போம். அல்லாஹ் அருள்புரிவானாக!