எண்பத்தேழில் ஒரு பங்கு தாம்பரம்
(பழைய மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை)



பொழுதுபோக்கு பற்றிப் பேசச் சொன்னார்கள். "என்ன சார், தோட்டமா, தபால்தலையா?" என்று செயலாளர் கேட்டார். "ரயில் செய்கிறேன்" என்றேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "பேரனுக்கா?" என்றார். பேரன் தொட்டால் நான் அலறுவேன் என்பது வேறு விஷயம்.

நான் செய்வது நம் மீட்டர்கேஜ் மின்ரயில். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-ல் ஓடத் தொடங்கியது. நம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது அந்த ரயிலுக்கு வயது ஆறு. முதலில் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடியது. 1960-களில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றினார்கள். 2004-ல் மீட்டர்கேஜ் மின்ரயில் நின்றுபோனது. இன்றைக்கு நீங்கள் ஏறி வருவது அகலப்பாதை வண்டி. இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் அந்தச் சின்ன ரயிலைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள்.

கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், பயப்படாதீர்கள். உலகத்தில் மாதிரி ரயில் செய்பவர்கள் அதிகம் பேர் வைத்திருக்கும் அளவு எச்.ஓ. என்பது. அசலில் 87-ல் ஒரு பங்கு. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 1,435 வரும். அது ஐரோப்பா, அமெரிக்காவின் பாதை. நம் அகலப்பாதை 1,676. அதற்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். அதனால் நம் அகலப்பாதை எஞ்சினைக் கடைத் தண்டவாளத்தில் வைத்தால், வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடப்பவர் மாதிரி இருக்கும். ஆனால் மீட்டர்கேஜ்? 1,000-ஐ 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை. ஸ்விட்சர்லாந்தில் மலைமேல் ஓடும் மீட்டர்கேஜ் ரயில்களுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்கிறார்கள். அரை மில்லிமீட்டர்தான் கூடுதல். அதாவது, இருக்கிற ரயிலுக்குத் தண்டவாளம் கிடைக்காது, இல்லாமல் போன ரயிலுக்குக் கிடைக்கும்! விலையைக் கேட்டு வீட்டில், "ஏங்க, நிஜ ரயில்ல சீசன் டிக்கெட் இதைவிட மலிவாச்சே" என்றார்கள்.

இடம்தான் அடுத்த தொல்லை. கடற்கரை முதல் தாம்பரம் வரை சுமார் 29 கிலோமீட்டர். 87-ஆல் வகுத்தாலும் 333 மீட்டர். சேலையூரில் யாரிடம் அத்தனை பெரிய வீடு இருக்கிறது? மீட்டர்கேஜில் அதிகபட்சமாக அனுமதித்த வளைவின் ஆரம் 109 மீட்டர். அதுவே மாதிரியில் ஒன்றேகால் மீட்டர் ஆகிறது. ஒரு வட்டம் போட்டால் குறுக்கே இரண்டரை மீட்டர், கட்டிலை வெளியே போட வேண்டும். கடைசியில் வட்டத்தையே விட்டுவிட்டேன். பத்தடிச் சுவரில் ஒரு பலகை அடித்தேன். அது அசலில் 265 மீட்டர். ஒரு பிளாட்பாரம், அதை ஒட்டி இரண்டு பாதை, ஒரு நடைமேம்பாலம். ரயில் வரும், நிற்கும், திரும்பிப் போகும். தாம்பரத்தில் அதுதானே நடந்தது?

முதலில் செய்த பலகை வேறு. அதில் பாதையைச் சுற்றி வளைத்து, வந்த பாதையிலேயே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ், அதில்தான் 12 வோல்ட் போகிறது. சுற்றி வந்த பிளஸ் மைனஸோடு போய் முட்டும் என்று பௌதிகம் படித்த எனக்குத் தோன்றவில்லை. டிரான்ஸ்பார்மர் உருகிய வாசனை இரண்டு நாள் இருந்தது.

பெட்டிக்கு வருவோம். அந்த ரயிலில் நான் பல வருடம் போய் வந்தவன். பித்தளைத் தகட்டை வெட்ட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ஒரு பெட்டிக்கு ஜன்னல் எத்தனை என்று எனக்குத் தெரியாது. வகுப்புத் தோழர்கள் எட்டுப் பேரிடம் கேட்டேன், ஐந்து விதமான பதில் வந்தது. நிறம் என்ன என்று கேட்டதில் சண்டையே வந்துவிட்டது. ஒருவர் பச்சையும் மஞ்சளும் என்கிறார், இன்னொருவர் காவி என்று சத்தியம் செய்கிறார். இருவரும் வேறு வேறு வருடங்களில் போனவர்கள், இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒரு நண்பர், "நான் தீர்த்து வைக்கிறேன்" என்று ஆல்பத்தை எடுத்து வந்தார். திறந்தால் கறுப்பு வெள்ளைப் படம்.

எங்கள் தெருவில் அந்த ரயிலை ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கைப்பிடி எந்தப் பக்கம், விசில் எங்கே, மழைக்காலத்தில் எங்கே ஒழுகும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஜன்னலைக் கேட்டால், "நான் முன்னால பாத்துக்கிட்டு இருந்தேன் தம்பி, பெட்டியை எண்ணவா எனக்கு வேலை?" என்கிறார்.

எஞ்சின் விஷயத்தில் அதிர்ஷ்டம் இருந்தது. தாம்பரம் வழியாக விழுப்புரம் வண்டிகளை இழுத்த ஒய்.ஏ.எம்.1 மின் எஞ்சின்கள் 1960-களில் ஜப்பானிலிருந்து வந்தவை, மொத்தமே 20. அதில் ஒன்று, 21904, டில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஒரு மீட்டர் குச்சியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பட்டை கறுப்பும் வெள்ளையுமாக அடித்துக்கொண்டு போனேன். குச்சியை எஞ்சினோடு சாய்த்துப் படம் எடுத்துவிட்டால், வீட்டுக்கு வந்து எந்த அளவை வேண்டுமானாலும் படத்திலிருந்தே எடுக்கலாம். காவலாளி என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். அந்த எஞ்சின் முடிந்துவிட்டது. ரிச்சித் தெருவில் வாங்கிய பழைய கேசட் பிளேயர் மோட்டார், குரோம்பேட்டை லேத் பட்டறையில் கடைந்த சக்கரம். மேலே பாண்டோகிராஃப் இருக்கிறது, ஆனால் அது அழகுக்குத்தான். மின்சாரம் கீழே தண்டவாளத்திலிருந்துதான் வருகிறது. பிளாட்பாரத்து மண், காயவைத்த டீத்தூள் சக்கை.

புனேயில் ஜோஷி என்பவர் உருவாக்கிய குட்டி ரயில் அருங்காட்சியகம் 1998-லிருந்து இருக்கிறது. முடிந்தவர்கள் போய்ப் பாருங்கள், குழந்தைகளை அழைத்துப் போனால் திரும்பி வர மனம் வராது. பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்தில் உள்ள ரயில் அருங்காட்சியகம் நமக்கு இன்னும் கிட்டே.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். நீங்கள் ஊருக்குப் போகும் ஐ.சி.எஃப். பழைய வடிவப் பெட்டி இருக்கிறதே, அதன் தயாரிப்பு 2018-லேயே நின்றுவிட்டது. இருப்பவற்றையும் ஒவ்வொன்றாகக் கழித்து வருகிறார்கள். நின்றிருக்கும் வண்டியை, பிளாட்பாரத்தில் நின்றபடி எண்ணி எழுதி வையுங்கள். தண்டவாளத்தில் இறங்காதீர்கள், குச்சியை மேலே நீட்டாதீர்கள், மேலே 25,000 வோல்ட்.

பழைய நண்பர்களிடம் கேட்பது வேறு. என் மின்ரயில் பெட்டி பாதியில் நிற்கிறது. ஒரு பக்கம் வெட்டாத தகடாகவே வைத்திருக்கிறேன். கல்லூரிச் சுற்றுலா, பிரிவு உபசாரம் என்று தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்று எடுத்த படங்கள் உங்கள் பீரோவில் இருக்கும். வண்ணப் படமாக இருந்தால் விசேஷம். அவற்றைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால் பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். படத்தில் யார் யாரோடு நிற்கிறார்கள் என்பதை நான் பார்க்கவே மாட்டேன். முதுகுக்குப் பின்னால் நிற்கும் ரயில் தெரிந்தால் போதும்.

எஞ்சினை இன்று கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து அறையில் ஓடும். பாண்டோகிராஃபை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள், அது குடைக்கம்பி.