பச்சைப் புள்ளிக்கு அடுத்த வினா

(மகாவீரர் ஜயந்தி விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)

 

தமிழாசிரியராக வகுப்பறையில் நின்று ஓய்வு பெற்றவள் நான். ஆதலால் இம்மேடையில் எனக்கு வழக்கமாகத் தரப்படும் தலைப்பு சமண இலக்கியமாகவே இருக்கும். இவ்வாண்டு நானே வேறொரு தலைப்பைக் கேட்டுப் பெற்றேன். நம் குழந்தைகளின் தோலில் நாம் பூசும் பொருள்களைப் பற்றிப் பேசவிருக்கிறேன். திருவிழா மேடையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணலாம். என் பேரன் பொருட்டு நான் செய்ய இருந்த ஒரு பிழையே என்னை இங்கே நிறுத்தியிருக்கிறது.

நம் இல்லங்களில் தண்ணீரை வடிகட்டாமல் பருகுவதில்லை. விளக்கு வைத்தபின் உண்பதில்லை என்னும் ஒழுக்கத்தை நம் பாட்டியர் முதுமையிலும் விடாது காத்தனர். தானியத்தைப் புடைத்துப் பார்க்காமல் உலையில் இட்டதில்லை. நம் முனிவர்கள் ஓரிடத்தில் கமண்டலத்தை வைக்குமுன் மயிற்பீலியால் அவ்விடத்தை மெல்ல வருடுகின்றனர். ஒரு பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்போடு இருத்தல் அவர்களுக்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று. கைக்கொள்ளுமுன் உற்றுநோக்குதல் என்னும் ஒரே பண்பின் பல வடிவங்கள் இவை.

இப்பண்பைக் கடைவீதிக்கும் நாம் கொண்டு சென்றிருக்கிறோம். உணவுப் பொட்டலத்திலும், சோப்பு, ஷாம்பு, களிம்பு ஆகியவற்றின் உறையிலும் பச்சைப் புள்ளியைத் தேடுகிறோம். கார்மைன் என்னும் சிவப்பு நிறம் பூச்சிகளை உலர்த்திப் பெறப்படுவது, லனோலின் ஆட்டு உரோமத்தின் கொழுப்பு, ஜெலட்டின் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது என்று நம் இளம்பெண்கள் நன்கு அறிந்திருக்கின்றனர். அழகுப் பொருள்களை விலங்குகள் மேல் சோதிப்பதை நம் நாடு 2014ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. அது நாம் மகிழத்தக்க செய்தி.

ஆனால் பச்சைப் புள்ளி ஒரு வினாவுக்குத்தான் விடை தருகிறது. "இது எதிலிருந்து வந்தது?" என்பது அவ்வினா. "இது இக்குழந்தையை என்ன செய்யும்?" என்னும் அடுத்த வினாவுக்கு அப்புள்ளியில் விடை இல்லை. முதல் வினாவோடு நின்றுவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. என்னிடமும் அது இருந்தது.

என் பேரனுக்கு அப்போது எட்டு மாதம். சளி பிடித்து இரவெல்லாம் மூச்சுத் திணறினான். என் தாய் எனக்குச் செய்ததுபோல், தேங்காயெண்ணெயைக் காய்ச்சி அதில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு, அவன் நெஞ்சில் தடவக் கிண்ணத்தோடு வந்தேன். என் மருமகள் எழுந்து நின்று, "அத்தை, மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பூசலாமே" என்றாள். எனக்குச் சினம் வந்தது. மூன்று பிள்ளைகளை வளர்த்தவளுக்கு இவள் பாடம் சொல்கிறாளே என்று நினைத்தேன். அவளோ குரலை உயர்த்தவில்லை, கிண்ணத்தையும் வாங்கவில்லை. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மருத்துவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். கற்பூரம் தோல்வழியே உடலுக்குள் புகும். நெஞ்சில் தடவியதைக் குழந்தை கையால் தொட்டு வாயில் வைத்தால் இன்னும் விரைவாகப் புகும். பெரியவர் உடல் அதை முறித்து வெளியேற்றிவிடும். கைக்குழந்தையின் கல்லீரலுக்கு அத்திறன் முதிரவில்லை. அளவு மிகுந்தால் வலிப்பு வரும். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குக் கற்பூரமும் மென்தாலும் கலந்த தைலம் எதையும் பூச வேண்டாம் என்றார்.

நான் வாயடைத்து அமர்ந்திருந்தேன். இறைவன் திருமுன் ஏற்றும் பொருள், விலங்குத் தொடர்பு சிறிதும் இல்லாதது, அது எவ்வாறு தீங்காகும் என்று என் மனம் வாதாடியது. தூய்மை வேறு, ஒரு சிற்றுடலுக்கு அது பொருந்துவது வேறு என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. வீடு திரும்பியதும் மருமகளிடம், "நீ தடுத்தது நல்லதாயிற்று, அம்மா" என்றேன். அதைச் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

குழந்தையின் தோல் பெரியவர் தோலின் சிறிய அளவு என்று எண்ணிவிடக் கூடாது. அது மெல்லியது, நீரை இழப்பதும் எளிது, வெளிப்பொருளை ஏற்பதும் எளிது. உடல் எடையோடு ஒப்பிட்டால், பிறந்த குழந்தையின் தோற்பரப்பு பெரியவருடையதைவிட ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு ஆகும். அதாவது, உடல் முழுதும் ஒரே பொருளைப் பூசினால், ஒவ்வொரு கிலோ எடைக்கும் குழந்தைக்குச் சேரும் பங்கு மிகுதி. அரையாப்பு ஈரத்தில் புண்பட்ட இடமாயின் தடையே இல்லை.

இதன் விளைவை உலகம் கண்ணீரோடு கற்றது. 1972ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஒரு குழந்தைப் பவுடரில், ஹெக்சாகுளோரோபீன் என்னும் கிருமிக்கொல்லி தவறுதலாக ஆறு விழுக்காட்டுக்கு மேல் கலந்துவிட்டது. அன்னையர் அன்போடு தூவிய அப்பவுடர் தோல்வழியே சென்று குழந்தைகளின் நரம்பு மண்டலத்தைத் தாக்கியது. 204 குழந்தைகள் நோயுற்றனர். 36 குழந்தைகள் இறந்தனர். அங்கே கொல்லும் எண்ணம் எவருக்கும் இல்லை. இருந்தது சோர்வு ஒன்றே. மனம் சோர்வுபட்ட நிலையில் உயிருக்கு நேரும் ஊறும் இம்சையே என்பது தத்துவார்த்த சூத்திரம் நமக்குக் காட்டும் நெறி. வள்ளுவப் பெருந்தகையும் பொச்சாவாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். தீய எண்ணம் இல்லை என்பது மட்டும் அகிம்சைக்குப் போதாது, விழிப்பும் வேண்டும்.

விழிப்புக்கு வழி என்ன? இங்கே என் பழைய வகுப்பறைக்குச் சற்றுச் செல்ல விடுங்கள். கணிமேதாவியார் என்னும் சமணச் சான்றோர் தம் அறநூலுக்கு ஏலாதி என்று பெயரிட்டார். ஏலாதி ஒரு மருந்து. ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு, நாகேசரம் மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு பங்கு என்று அதற்குக் கணக்குச் சொல்வர். பெயர் மட்டும் அறிந்தால் மருந்து ஆகாது, பங்கும் அறிய வேண்டும் என்பது நம் முன்னோர்க்குத் தெரிந்திருந்தது.

இன்றைய உறையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் பட்டியலும் அத்தகையதே. நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி, உட்பொருள்களை மிகுதியானது முதலில் வரும்படி இறங்கு வரிசையில் எழுத வேண்டும். ஒரு விழுக்காடும் அதற்குக் குறைவும் உள்ளவை இறுதியில் எந்த வரிசையிலும் வரலாம். உற்பத்தியாளர் முகவரியும், உரிம எண்ணும், தொகுதி எண்ணும், பயன்படுத்தத்தக்க காலமும் இருக்க வேண்டும். இவை இல்லாத களிம்பு எவ்வளவு மலிவாயினும், எவர் பரிந்துரைத்தாலும் குழந்தைக்கு வேண்டாம்.

பட்டியலில் எதை நோக்குவது? நினைவில் கொள்ளத்தக்க சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது நறுமணம். பர்ஃப்யூம், ஃபிராக்ரன்ஸ் என்னும் ஒரு சொல்லுக்குள் பல பொருள்கள் அடங்கும். தோல் ஒவ்வாமைக்கு அது ஒரு முதன்மைக் காரணம். மலரிலிருந்து எடுத்த எண்ணெயாயினும் இதற்கு விலக்கில்லை. குழந்தைக்குத் தன் மணமே போதும்.

இரண்டாவது போரிக் அமிலம். ஒரு காலத்தில் குழந்தைப் பவுடரில் இதைச் சேர்த்தனர். புண்பட்ட தோல்வழி இது புகுந்து குழந்தைகள் இறந்ததை மருத்துவ உலகம் பதிவு செய்திருக்கிறது. பவுடரையே தவிர்ப்பது நன்று. அதன் நுண்துகள் மூச்சோடு நுரையீரலுக்குள் செல்லும்.

மூன்றாவது சாலிசிலிக் அமிலம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, ஷாம்பு நீங்கலான அழகுப்பொருள்களில் இதை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்பதில்லை.

நான்காவது மெத்தில்ஐசோதயசோலினோன். பெயர் நீளம், வாயில் நுழையாவிட்டாலும் கண்ணில் படட்டும். இது கெடாமற்காக்கும் பொருள்களுள் ஒன்று. ஒவ்வாமை மிகுந்ததால், கழுவாமல் தோலில் தங்கும் பொருள்களில் 2017 முதல் ஐரோப்பாவில் இதற்கு இடமில்லை. ஈரத் துடைப்புத் தாள்களை வாங்கும்போது நோக்குங்கள்.

ஐந்தாவது பாதரசமும் காரீயமும். இவை பட்டியலில் வாரா, கள்ளமாக வரும். சிவப்பழகுக் களிம்புகளில் பாதரசம் கலப்பது நம் சட்டப்படி குற்றம். ஆயினும் அத்தகைய களிம்புகள் கடைகளில் பிடிபடுகின்றன. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில கண்மைகளிலும் சுர்மாவிலும் உள்ள காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். கண்ணேறு கழியக் கன்னத்தில் இடும் மையும் விரல்வழி வாய்க்குச் செல்லும் என்பதை மறவாதீர்கள். கறுத்த பெண்குழந்தைக்கு வெளுக்கப் பூசும் ஆசையைப் பற்றி ஒரு சொல்: அக்களிம்பு தோலைத் தொடுமுன்பே, "நீ குறையுள்ளவள்" என்னும் சொல் அக்குழந்தையின் உள்ளத்தைத் தொட்டுவிடுகிறது. அதுவும் ஊறே.

இதனால் புரியாத பெயர் எல்லாம் நஞ்சு என்று அஞ்ச வேண்டா. நீர் கலந்த களிம்பில் கெடாமற்காக்கும் பொருள் இல்லையேல் கிருமி வளரும். அது குழந்தைக்கு இன்னும் கேடு. இயற்கை, மூலிகை, ரசாயனமற்றது என்பன விளம்பரச் சொற்களே; கற்பூரமும் மூலிகைத் தைலங்களில்தான் இருக்கிறது. ஆகவே பட்டியல் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நன்று. பிறந்த குழந்தைக்கு வெந்நீரும், மணமற்ற மென்மையான சோப்பும், எதுவும் கலவாத தேங்காயெண்ணெயும் பெரும்பாலும் போதும்.

புதிய பொருளை முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். இச்சோதனை எரிச்சலையும் ஒவ்வாமையையும் ஓரளவே காட்டும், பாதரசத்தைக் காட்டாது. எனவே இதைச் செய்தாலும் உறையைப் படிப்பதை விட்டுவிடலாகாது. தடித்தாலும் சிவந்தாலும் நீரால் கழுவிவிட்டு, உறையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். பொருள் தீரும்வரை உறையை எறியாதீர்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

எழுத்து பொடியாக இருக்கிறது, ஆங்கிலத்தில் இருக்கிறது என்று என் வயதினர் சொல்வீர்கள். உண்மைதான். பள்ளி செல்லும் பேரப்பிள்ளையை அழைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவன் படிக்க நீங்கள் கேட்டால், ஆய்ந்து கொள்ளும் நம் மரபு அவன் கையில் சேரும். மருமகளோ மகளோ "வேண்டாம்" என்று சொன்னால், அதைத் தங்கள் அனுபவத்துக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கருதாதீர்கள். வடிகட்டும் துணியை அடுத்த தலைமுறை தன் கையில் ஏந்திவிட்டது என்று மகிழுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத நீர்வாழ் உயிருக்காகத் துணி மடித்து நீர் வடித்தவர் நாம். நம் மடியில் கிடந்து நம் முகத்தையே நோக்கும் உயிருக்காக ஓர் உறையைத் திருப்பிப் படிக்கச் சோம்பலாமா?

எல்லா உயிர்களும் இன்புறுக. அகிம்சை வெல்க. ஜெய் ஜினேந்திரா!