அஸ்டர் விட்டுச்சென்ற நூலகம்

இலக்கிய நிகழ்ச்சியில் ஒரு வணிகருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். ஒரு நூலகத்தை முன்னிட்டே ஜோன் ஜேக்கப் அஸ்டரைத் தெரிந்தெடுத்தேன்.

1763இல் ஜேர்மனியின் வால்டோர்ஃப் என்னும் ஊரில் இறைச்சிக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். இலண்டனில் இசைக்கருவி செய்த தமையனிடம் சில காலம் இருந்துவிட்டு, விற்பதற்குப் புல்லாங்குழல்களுடன் 1784இல் அமெரிக்கக் கரையில் இறங்கினார். விலங்குத்தோல் வணிகமும் நியூயோர்க் நிலங்களும் அவரை அந்நாட்டின் பெருஞ் செல்வராக்கின. அந்நகரின் ஜேர்மன் சங்கத்துக்குத் தலைமையும் தாங்கினார்.

பொருள் வந்த வழியைக் கேட்பது நம் அறநூல்களின் வழக்கம். நானும் கேட்கிறேன். அவரது நிறுவனத்தார் பழங்குடியினருக்கு மதுவைக் கொடுத்துத் தோல் வாங்கினர். அவருடைய கப்பல் சீனத்துக்கு அபினும் கொண்டு சென்றது. இதை மறைத்துப் புகழ்வது ஆசிரியனுக்கு அழகன்று.

முதுமையில் அவருடன் பழகிய கொக்ஸ்வெல் என்னும் நூலறிஞர், பொது நூலகம் ஒன்று அமைக்குமாறு விடாது வலியுறுத்தினார். 1842இல் ஸ்பெயினுக்குத் தூதராகச் சென்ற எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் அவரைத் துணைக்கு அழைத்தபோது, அஸ்டர் ஊதியம் கொடுத்துத் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். கஞ்சரென்று பெயரெடுத்தவர் அல்லவா!

1848இல் அவர் இறந்தபோது சொத்து ஏறத்தாழ 2 கோடி டொலர். நூலகத்துக்கு 4 இலட்சம். பிறந்த ஊர் ஏழைகளுக்கு 50,000. நூற்றுக்கு இரண்டு பங்கே நூலுக்கு! ஆயினும் 1854இல் திறந்த அந்நூலகத்தில் கட்டணமின்றி வாசிக்க முடிந்தது. வீட்டுக்கு எடுத்துச்செல்ல மட்டும் இயலவில்லை. கொக்ஸ்வெல்லே ஐரோப்பா சென்று நூல்களைத் தேடி வாங்கிவந்தார். 1895இல் வேறிரு அறக்கொடைகளோடு இணைந்து அது நியூயோர்க் பொது நூலகமாயிற்று.