1958 ஆம் ஆண்டின் விளையாட்டரங்கு



1958 ஆம் ஆண்டின் விளையாட்டு வெற்றிகளைக் கூறப் புகுவோர் முதலிற் குறிப்பது, சுவீடனில் நடந்த உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தையே. இறுதியாட்டத்தில் பிரேசில் 5க்கு 2 எனச் சுவீடனை வென்றது. பெலேக்கு அப்போது வயது 17. மட்டக்களப்பு வாவிக்கரையிற் பந்துதைக்கும் சிறுவரும் அப்பெயரை அறிவர்.

ஆனால், அதே ஆண்டு டோக்கியோவில் நடந்த மூன்றாவது ஆசிய விளையாட்டு விழாவில் நம் நாட்டவர் ஈட்டிய வெற்றியை அவருள் எத்தனை பேர் அறிவர்? யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டினார். ஆசிய விழாக்களில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கப் பதக்கம் அதுவே. மல்லாந்து பாயும் இன்றைய முறை அந்நாளில் வழக்கில் இல்லை. விழுவதற்குத் தடித்த மெத்தையும் இல்லை. இவற்றை நினைந்தே அவ்வுயரத்தை மதிப்பிடல் வேண்டும். ஹெல்சிங்கி, மெல்போர்ன் ஒலிம்பிக் களங்களை அவர் முன்னரே கண்டவர்; 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளியும் பெற்றார்.

அவ்விழா தொடங்கியது மே 24 ஆம் நாள். அதற்கு முந்திய இரவு, நமது ஏறாவூர்ப் பகுதி இருப்புப்பாதையிற் புகையிரதமொன்று கவிழ்க்கப்பட்டு உயிர்கள் மாண்டன. தெற்கிலே தமிழர் வீடுகள் எரிந்தன. மே 27இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அகதி முகாம்களில் இருந்தோர்க்கு டோக்கியோச் செய்தி எவ்வாறு ஒலித்திருக்கும்! அவ்வாரத்தில் ஒரு தமிழர் முழு நாட்டின் பெயராலும் களத்தில் நின்றார்.

எதிர்வீரசிங்கம் 2024இல் அமெரிக்காவிற் காலமானார். பாடசாலை மைதானத்தில் உயரம் பாய்தலுக்குக் கம்பம் நாட்டும் ஆசிரியர்கள் அவர் பெயரை மாணவர்க்கு ஒருமுறை சொல்லிவைப்பார்களாக.