ஐம்பதில் பிடித்த தூரிகை

(திருவண்ணாமலையில், ‘நாற்பது வயதுக்கு மேல் புதிதாகக் கற்பது பொழுதுபோக்கே! வாழ்க்கைத் தேவையே!’ என்ற பட்டிமன்றத்தில், ‘வாழ்க்கைத் தேவையே’ அணியில் இரண்டாவதாகப் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் – பாவம், தோற்பதற்கென்றே இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கும் – நண்பர்களே! எங்க ஊர்ப் பெருமக்களே! வீட்டில் காபி டம்ளரோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி என்ன சொன்னார்? “ரிட்டயர் ஆனவங்க தோட்டம் அமைக்கிற வகுப்புக்குப் போறாங்க, வாட்டர் கலர் வகுப்புக்குப் போறாங்க. போகட்டும், பொழுது போகணுமில்ல? ஆனா அதைத் தேவைன்னு சொல்லாதீங்க. அரிசி தேவை, பருப்பு தேவை. வாட்டர் கலர் எப்படிங்க தேவை?” அப்படீன்னார். கூடவே, ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ன்னு ஒரு பழமொழியையும் தூக்கிப் போட்டுட்டு உட்கார்ந்தார். தம்பி, வாட்டர் கலர் வகுப்புல யாரையும் வளையச் சொல்றதில்லை. நாற்காலி போட்டுத்தான் உட்கார வைக்கிறாங்க. (சிரிப்பு)

எங்க தெருவில் ஒரு அக்கா இருக்காங்க. பேர் சொல்ல மாட்டேன், இப்போ பார்த்துக்கிட்டிருப்பாங்க. வயசு ஐம்பத்திரண்டு. பிள்ளைகள் எல்லாம் வெளியூர். ஞாயிற்றுக்கிழமை படம் வரையற வகுப்புல சேர்ந்துட்டாங்க. வீட்டுக்காரர் கேட்டார்: “இந்த வயசுல உனக்கு எதுக்குடி கலரு?” நடுவர் அவர்களே, கேட்டவருக்கு வயசு அறுபது. மாசம் ரெண்டு தடவை தலைக்கும் மீசைக்கும் கலர் அடிக்கிறார்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

முதல் நாள் வாத்தியார், “மொட்டை மாடியில உட்கார்ந்து நம்ம மலையை வரைஞ்சுட்டு வாங்க”ன்னு அனுப்பினார். அக்கா ஒரு முக்கோணம் போட்டு, உள்ளே பச்சை அடிச்சு, மேலே ஒரு சூரியனையும் வச்சுக் கொண்டு போனாங்க. வாத்தியார் கேட்டார்: “அம்மா, இது நம்ம மலையா, ஸ்கூல் புஸ்தகத்து மலையா?” யோசிச்சுப் பாருங்க. கல்யாணமாகி முப்பது வருஷமா அந்த மலை அடிவாரத்துல இருக்காங்க. பௌர்ணமி தவறாம பதினாலு கிலோமீட்டர் சுத்தியிருக்காங்க. கும்பிட்டிருக்காங்க, ஆனா பார்த்ததில்லை! காலையில தூரத்துச் சரிவு நீலமா தெரியும், வெயில் ஏறினா பாறை காவியா மாறும், இடத்துக்கு இடம் மலைக்கு முகமே வேற. இதெல்லாம் தூரிகையைக் கையில எடுத்த பிறகுதான் அவங்களுக்குத் தெரிஞ்சது.

வாட்டர் கலரைப் பத்தி எதிரணிக்கு ஒண்ணு சொல்லணும். அது எண்ணெய் வண்ணம் மாதிரி இல்லை. தப்பாப் போட்டா மேலே இன்னொரு பூச்சு பூசி மறைக்க முடியாது. வெள்ளை வேணும்னா வெள்ளைப் பெயிண்ட் தேட மாட்டாங்க. காகிதத்தையே அந்த இடத்துல தொடாம விட்டுடணும். மேகம் வேணுமா? அங்கே கை வைக்காதே, அதுதான் மேகம்! முதல்ல வெளிர் நிறம், காயட்டும், அப்புறம்தான் அடர்ந்த நிறம். காயறதுக்கு முன்னாடி அவசரப்பட்டா வானம் வழிஞ்சு மலையில இறங்கிடும். மாமியார்களுக்கு இந்த வகுப்பைக் கட்டாயமாக்கணும்னு என் தாழ்மையான கோரிக்கை. (சிரிப்பு) எங்கே சும்மா விடணும், எப்போ காத்திருக்கணும்னு இவ்வளவு மலிவா வேற எந்தக் கடையில கத்துக் கொடுப்பாங்க?

“பெரியவங்களுக்குப் பாடம் நடத்துறதெல்லாம் இப்ப வந்த பழக்கம்”னு இன்னொரு நண்பர் சொன்னார். தமிழ் படிச்சவர் சொல்லலாமா? பத்துப்பாட்டுல குறிஞ்சிப்பாட்டு, 261 அடி. பிரகத்தன் என்கிற ஆரிய அரசனுக்குத் தமிழை அறிவிக்கக் கபிலர் பாடினார் என்று பழைய குறிப்பே இருக்கு. அரசன்னா எல்.கே.ஜி. பையனா? அந்தப் பெரிய ஆளுக்குக் கபிலர் ‘அ – அம்மா’ நடத்தலை. நேரே மலைச்சாரலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறார். அங்கே பெண்கள் பறிச்சுக் குவிச்ச பூக்கள்னு 99 பூவை வரிசையாச் சொல்றார். முதியோர் கல்விக்குப் பாடப்புத்தகமே ஒரு மலையும் அதுல பூத்த பூவும்தான்!

நம்ம பக்கத்துச் செங்கத்துக்கே வாங்க. அங்கே ஆண்ட நன்னன் மேல பாடினது மலைபடுகடாம். கூத்தர்களுக்கு வழி சொல்ற பாட்டு. எங்கே வழுக்கும், எங்கே பள்ளம், எங்கே பாம்புன்னு பார்த்துப் போகச் சொல்லுது. நிலத்தைப் படிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் அன்னைக்கு வழி.

தாகூரை எடுத்துக்குங்க. 1913-ல் நோபல் பரிசு வாங்கினவர், அறுபதைத் தாண்டித்தான் ஓவியத்துல முழுசா இறங்கினார். 1930-ல் பாரிஸில் கண்காட்சி வச்சபோது எழுபதை நெருங்கிட்டார். அவருக்கு என்ன, பொழுது போகலையா?

சரி, தோட்டத்துக்கு வருவோம். லேண்ட்ஸ்கேப் டிசைன்னா பெரிய பங்களா, புல்வெளி, நடுவுல ஃபவுண்டன்னு நினைக்கிறோம். அப்படி இல்லைங்க. அந்தப் படிப்புல முதல் வேலை செடி வாங்கறது இல்லை. சும்மா உட்கார்ந்து பார்க்கிறது. வெயில் எந்தச் சுவர்ல எத்தனை மணிக்கு விழுது, காத்து எங்கேருந்து வருது, மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடுது? காகிதத்துல குறிச்சுக்கணும். நம்ம ஊர் மேற்குச் சுவரைச் சாயங்காலம் தொட்டுப் பாருங்க, தோசைக்கல்! அந்தப் பக்கம் ஒரு புங்க மரம் நின்னா, அதுவே பாதி ஏ.சி. அடுப்படித் தண்ணியைச் சாக்கடைக்கு விடாம கல்வாழைக்குத் திருப்பலாம். தினம் குடம் குடமாத் தண்ணி குடிக்கிற புல்தரையை இங்கே போட்டுட்டு, கோடையில லாரித் தண்ணிக்குக் காத்திருக்கிறது என்ன அழகு? கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் ‘அலங்காரத் தோட்டம் அமைத்தல்’னு தமிழிலேயே தொலைதூரக் கல்வியாச் சொல்லிக் கொடுத்திருக்கு. இங்கிலீஷ் தெரியலையேன்னு யாரும் ஒதுங்கவும் வேண்டாம்.

நடுவர் அவர்களே, இந்த ரெண்டு வகுப்புக்கும் உள்ளே இருக்கிற பாடம் ஒண்ணுதான். காகிதமோ நிலமோ, சாய்வைப் பார்த்து, தண்ணி எங்கே போகும்னு தெரிஞ்சுக்கிறது. அதை ஏன் தேவைங்கிறேன்னு இந்த ஊர்ல நான் விளக்க வேண்டியதில்லை. ஃபெஞ்சல் புயல் மழையில, 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, மலைச்சரிவுல மண்ணும் பாறையும் இறங்கி, அடிவாரத்துல வ.உ.சி. நகர்ல ஏழு பேர் உயிர் போச்சு. அதுல குழந்தைகளும் இருந்தாங்க. (அமைதி) படம் வரையத் தெரிஞ்சா பாறை நிற்குமா? நிற்காது. நான் அப்படிச் சொல்லவே வரலை. ஆனா மலைக்குக் கீழே குடியிருக்கிறவங்க, ஓடை எது, ஓடையை மூடின தெரு எது, மரம் இல்லாத சரிவு எதுன்னு கண்ணால பார்த்துக் கேள்வி கேட்கத் தெரிஞ்சிருக்கணுமா இல்லையா? அதைப் பொழுதுபோக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க.

அந்த மலையோட பழைய போட்டோக்களைப் பாருங்க. 1980-களில்கூட மரம் குறைஞ்சு, பாறையும் ஆளுயரப் புல்லுமாத்தான் கிடந்தது. கோடை வந்தா அந்தப் புல் பத்திக்கிட்டு எரியும். இன்னைக்கு அங்கங்கே பச்சை தெரியுதுன்னா, வருஷக்கணக்கா நாத்து வளர்த்து, குழி எடுத்து, தீத்தடுப்புக் கோடு வெட்டினவங்க இருக்காங்க. ‘தி ஃபாரஸ்ட் வே’ அறக்கட்டளை அதுல ஒண்ணு; மருதம் பண்ணைப் பள்ளியையும் அவங்கதான் நடத்தறாங்க. எந்த விதை எந்த மாசம் உதிரும், எந்தச் செடி பாறை இடுக்குல பிழைக்கும்? இதெல்லாம் யாரும் அஞ்சு வயசுல ட்யூஷன் போய்ப் படிச்சது இல்லை. வளர்ந்த மனுஷங்க, மண்ணுல கை வச்சுக் கத்துக்கிட்டது.

எதிரணி கேட்பாங்க: “கத்துக்கிட்டு இவங்க வேலைக்கா போகப் போறாங்க?” வேலைக்குப் போறதுக்கு மட்டும்தான் படிப்புன்னா, ரிட்டயர்மெண்ட் அன்னைக்கு மாலையோட மூளையையும் கழட்டி ஆபீஸ்லயே வச்சுட்டு வரணுமே! (கைதட்டல்)

நடுவர் மணியைத் தொடறார், முடிச்சுடறேன். எதிரணித் தம்பிக்கு ஒரே ஒரு பரீட்சை. கபிலர் சொன்ன 99 எல்லாம் வேண்டாம். இன்னைக்கு நிகழ்ச்சி முடிஞ்சு கிரிவலம் போகப் போறீங்களாமே? அந்தப் பாதையில நிக்கிற மரங்கள்ல பத்துக்குப் பேர் சொல்லுங்க. கோயில் தலமரம் மகிழ மரம். அதை நானே சொல்லிட்டேன், கணக்குல சேராது. மீதி பத்தைச் சொல்லிட்டீங்கன்னா, இந்த மேடையிலேயே நான் உங்க அணிக்கு வந்து உட்கார்ந்துக்கறேன்.