மந்திரவாதிகளும் வரலாறும்: பேராக் மண்ணில் எழுதப்பட வேண்டிய ஒரு புதினம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வரலாற்று மிகுபுனைவு. நடந்த காலம், நடந்த இடம், வாழ்ந்த மனிதர் ஆகியவற்றைப் பின்னணியாகக் கொண்டு, அவற்றினூடே மந்திரத்தையும் மாயத்தையும் உலவவிடும் புதினங்களை இப்பெயரால் குறிக்கிறோம். 'படித்தவர்கள் அமர்ந்திருக்கும் அவையில் மந்திரவாதிக் கதையா?' என்று சிலர் எண்ணக்கூடும். அந்த வினாவுக்கு விடை சொல்லும் முயற்சியே இவ்வுரை.

முதலில் மேலைநாட்டுப் புதினம் ஒன்றைக் காண்போம். சூசன்னா கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளர் 2004-ஆம் ஆண்டில் 'ஜொனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நோரல்' என்ற பெருநாவலை வெளியிட்டார். நெப்போலியன் போர்கள் நிகழ்ந்த காலமே அதன் களம். யார்க் நகரில் மந்திரவியல் அறிஞர் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் மந்திர நூல்களைக் கற்பார்கள், கட்டுரை படிப்பார்கள், ஆனால் ஒருவருக்கும் மந்திரம் செய்யத் தெரியாது. அந்நிலையில் உண்மையாகவே மந்திரம் செய்ய வல்ல இருவர் தோன்றுகிறார்கள். ஒருவர் நூல்களைப் பூட்டிவைத்துப் பிறர் கற்காமல் காப்பவர். மற்றவர் போர்க்களத்துக்கே சென்று செய்து பார்த்துக் கற்பவர். அறிவு யாருக்கு உரியது என்னும் வழக்கே அந்நாவலின் உள்ளீடு.

அந்நூலில் நாம் கருத வேண்டியவை இரண்டு. ஒன்று, ஆசிரியர் மந்திரத்தை வரலாறு போலவே எழுதுகிறார். இல்லாத நூல்களுக்கு அடிக்குறிப்பு தருகிறார், இல்லாத அறிஞர்களின் கருத்து வேறுபாடுகளை விளக்குகிறார். மற்றொன்று, அந்நாவலில் ஸ்டீபன் பிளாக் என்னும் கறுப்பின ஊழியர் ஒருவர் வருகிறார். அவருடைய தாய் அடிமை. தாய் இட்ட பெயர் என்னவென்றே அவருக்குத் தெரியாது. பெரிய மந்திரவாதிகள் இருவரும் ஏறெடுத்தும் பாராத அம்மனிதரே கதையின் முடிவில் ஓர் அரசுக்கு உரியவராகிறார். ஆவணங்களில் இடம்பெறாத மனிதருக்கு மாயக்கதை ஓர் இடம் கொடுத்துவிடுகிறது.

இது தமிழுக்குப் புதிய நெறியன்று. மணிமேகலைக் காப்பியத்தை நினைவுகூருங்கள். புகார், வஞ்சி, காஞ்சி என்னும் உண்மை நகரங்களில் நிகழும் கதை அது. மணிமேகலா தெய்வம் மணிமேகலையைப் புகார் நகரின் உவவனத்திலிருந்து மணிபல்லவத் தீவுக்கு எடுத்துச் செல்கிறது. வேற்றுரு எய்தவும், வான்வழிச் செல்லவும், தன் பசியைத் தாங்கவும் வல்ல மூன்று மந்திரங்களை அவளுக்கு உணர்த்துகிறது. பின்னர் அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. அட்சய பாத்திரம் ஏந்திய அவள் நாடிச் செல்வது பசித்தவர்களை. காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்க்கிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள்.

ஆனால் அக்காப்பியத்தில் மந்திரத்துக்கு விலை உண்டு. மணிமேகலை காயசண்டிகையின் உருவத்தை மேற்கொண்டதனாலேயே காஞ்சனன் மயங்குகிறான். அவன் வாளுக்கு உதயகுமரன் இரையாகிறான். தற்காப்புக்காக மேற்கொண்ட மாயம் ஓர் உயிரை வாங்கிவிட்டது. நல்ல மாயக்கதை எப்போதும் இந்தக் கணக்கை மறைப்பதில்லை. நம்மைப் போன்ற கடல் கடந்த தமிழர் மனங்கொள்ள வேண்டிய இன்னொரு செய்தியும் அதில் உண்டு. ஆபுத்திரன் மறுபிறப்பெடுத்துப் புண்ணியராசனாக ஆளும் சாவக நாட்டுக்கு மணிமேகலை வான்வழியே வருகிறாள். தமிழின் பழைய மாயக் காப்பியம் ஒன்று நம்முடைய தீவுக்கூட்டத்தின் பக்கம் அன்றே கண் திருப்பியிருக்கிறது.

அடுத்து, நீங்கள் அனைவரும் அறிந்த பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த அப்புதினத்தில், ஆந்தையைப் போலக் குரல் எழுப்பும் மந்திரவாதி ரவிதாசனை மறந்தவர் இருக்க முடியாது. உடையார்குடிக் கல்வெட்டில் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளுள் ஒருவனாக ரவிதாசன் பெயர் வருகிறது. அங்கே அவன் பஞ்சவன் பிரமாதிராசன் என்னும் பட்டம் பெற்றவன். அப்பட்டம் அரசில் உயர்நிலை வகித்தோர்க்கு உரியது. கல்வெட்டில் பட்டம் பெற்ற ஒருவன் கதையில் நள்ளிரவில் திரியும் மந்திரவாதி ஆகிவிட்டான். அரண்மனைச் சதியின் மேல் போர்த்திய கருப்புப் போர்வையாகக் கல்கி மந்திரத்தைப் பயன்படுத்திக்கொண்டார் என்று கொள்ளலாம். அங்கே மந்திரம் உண்மையில் நிகழ்வதில்லை, அச்சம்தான் நிகழ்கிறது.

ஆக, தமிழில் இரு வழிகள் உள்ளன. மந்திரத்தைப் பசி தீர்க்கும் ஆற்றலாகக் காண்பது மணிமேகலையின் வழி. அதனை அதிகாரத்தின் முகமூடியாகக் காண்பது கல்கியின் வழி. இவ்விரண்டையும் கையிற்கொண்டு நம் பேராக் மாநிலத்துக்கு வருவோம்.

பேராக் மண்ணில் மந்திரம் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. அரசவை மந்திரவாதிக்கு 'சுல்தான் மூடா' என்று பட்டமே வழங்கிய நாடு இது. முதல் பிரிட்டிஷ் ஆலோசகர் பேர்ச், 1875 நவம்பர் 2-ஆம் நாள் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதற்கு முன் ஆவிகளை அழைத்து அவர் கதி குறித்துக் கேட்கும் சடங்கு நடந்ததென்பது பின்னாளைய விசாரணையில் சாட்சியமாக வந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் பாவாங் எனப்படும் மந்திரவாதியின் சொல்லுக்குப் பெருமதிப்பு இருந்தது.

மலாய் மந்திர மரபில் நம் பங்கும் உண்டு. 1900-இல் ஸ்கீட் எழுதிய 'மலாய் மேஜிக்' நூலிலும், 1925-இல் வின்ஸ்டெட் வெளியிட்ட 'ஷாமன், சைவா அண்ட் சூஃபி' நூலிலும் இதற்குச் சான்றுகள் நிறைய. மந்தெரா, சக்தி, பூஜா ஆகிய சொற்கள் மலாய் மொழியில் இன்றும் வழங்குகின்றன. போமோவின் ஓதுதலில் சிவபெருமான் 'படாரா குரு' என்னும் பெயரோடு இடம்பெற்றிருக்கிறார். வின்ஸ்டெட் தம் நூலின் தலைப்பிலேயே சைவத்தை வைத்தது காரணமின்றியன்று. இந்நாட்டில் பல இனங்களின் நம்பிக்கைகள் ஒன்றோடொன்று உறவாடியதை எந்தப் பாடநூலையும்விட இச்சொற்கள் தெளிவாகக் காட்டும்.

இந்த மண்ணை வைத்து ஆங்கிலத்தில் ஒரு புதினம் வந்துவிட்டது. மலேசியச் சீன வழிவந்த யாங்ஸி சூ 2019-இல் எழுதிய 'த நைட் டைகர்' 1931-ஆம் ஆண்டின் ஈப்போவிலும் பத்து காஜாவிலும் நிகழ்கிறது. இறந்துபோன எசமானரின் வெட்டுண்ட விரலை 49 நாள்களுக்குள் தேடி அவருடைய உடலோடு சேர்க்க வேண்டும் என்று ரென் என்னும் பதினொரு வயதுச் சிறுவன் அலைகிறான். புலியாக மாறும் மனிதரைப் பற்றிய மலாய் நம்பிக்கையும், சீனரின் ஐந்து நற்பண்புகளும், துரைமாரின் மருத்துவமனையும் அதில் ஒன்றுகூடுகின்றன. நாம் அன்றாடம் நடக்கும் தெருக்கள் உலக வாசகர் முன் உயிர்பெற்றிருக்கின்றன. அதற்காக அந்த ஆசிரியரைப் பாராட்ட வேண்டும்.

ஆயினும் தமிழ் வாசகர் மனத்தில் ஒரு முள் தைக்கவே செய்யும். அந்நாவலில் அம்பிகா என்னும் தமிழ்ப் பெண் வருகிறாள். இரப்பர்த் தோட்டத்துப் பெண். அவள் கதைக்குள் வருவது பிணமாக. துரை ஒருவரின் நினைவு வழியாகவே நாம் அவளைப் பெரிதும் அறிகிறோம். அவள் எந்த லயத்தில் வாழ்ந்தாள், எந்த அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள், எதற்கு அஞ்சினாள் என்று அறிய நமக்கு வழியில்லை. இது அந்த ஆசிரியரின் குறையன்று. அவர் தமக்குத் தெரிந்த உலகத்தை எழுதினார். அம்பிகாவின் கதையை அம்பிகாவின் மொழியில் எழுத வேண்டியவர்கள் நாம்.

மலேசியத் தமிழ்ப் புதினம் தோட்ட வாழ்க்கையின் துன்பத்தை எழுதாமல் விட்டதில்லை. அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' சயாம் மரண இரயில்பாதையில் மாண்டவர்களின் வரலாற்றைக் கூறியது. தமிழகத்திலிருந்து அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். இவை நடப்பியல் நெறியில் அமைந்தவை. தம் கடமையைச் செய்தவை. ஆனால் தோட்டத்து மனிதரின் பகல் மட்டுமே அவருடைய வாழ்க்கை ஆகாது. விடியற்காலைப் பிரட்டும், வெட்டு மரங்களும், பால் கொட்டகையும் பகலுக்கு உரியவை. இரவில் அவர்கள் உலகில் முனியாண்டி இருந்தார், மதுரை வீரன் இருந்தார், உடுக்கை ஒலி இருந்தது. வேப்பிலை அடித்தலும் குறி கேட்டலும் தாயத்தும் மை போட்டுப் பார்த்தலும் இருந்தன. கங்காணிக்கும் கிராணிக்கும் தெரிந்த கணக்கில் இவை எழுதப்படவில்லை.

பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லிஸ் காசலை உங்களில் பலர் சுற்றுலாவாகச் சென்று கண்டிருப்பீர்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித் அதனைக் கட்டத் தொடங்கினார். 1926-இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்ததால் மாளிகை முற்றுப்பெறவில்லை. கட்டட வேலையின்போது தொழிலாளர் பலர் கொள்ளைநோயில் மடிந்தனர். எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்ப வேண்டினர் என்றும், துரை இசைந்தார் என்றும் மக்கள் சொல்லி வருகின்றனர். அக்கோயிலின் மேற்புறத்தில், தெய்வ உருவங்களுக்கு நடுவே, கோட்டும் தொப்பியும் அணிந்த துரையின் சுதைச் சிற்பம் நிற்கிறது.

இன்று மாளிகைக்கு வருவோர் துரையின் ஆவி உலவுகிறதா என்றே கேட்கிறார்கள். மாளிகையின் பேய்க்கதையிலும் துரையே தலைவர்! மடிந்த தொழிலாளரின் பெயர்களைக் கேட்பவர் அரியர். சாவிலும் ஒருவருக்கு ஆவியாக உலவும் உரிமை உண்டு, மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. பேராக்கில் எழுதப்பட வேண்டிய தமிழ் மிகுபுனைவு இங்கிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து.

இங்கே ஆசிரியர்கள் ஓர் ஐயம் எழுப்புவது இயல்பு. 'மூடநம்பிக்கையை ஒழிக்கப் பாடுபட்டோமே, மீண்டும் அதை மாணவர் கையில் கொடுப்பதா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நோய் கண்ட குழந்தையைச் செய்வினை என்று சொல்லி வீட்டிலேயே வைத்திருந்து இழந்த துயரங்கள் உண்டு. சூனியக்காரி என்று பழி சுமந்த பெண்களும் உண்டு. இவற்றை மறைத்து, தோட்டத்து மந்திரத்தை அழகான பழம்பெருமையாக மட்டும் எழுதினால் அது பொய்யாகும். அதேபோல, மருத்துவமனை தொலைவில் இருந்து, முறையிட நீதிமன்றமும் எட்டாத நிலையில் பூசாரியின் வாசலுக்குப் போனவரை அறிவிலி என்று சிரிப்பதும் பொய்யே. அவருக்குப் போக வேறு வாசல் இல்லை. நம்பச் சொல்வது ஒன்று, நம்பியவரைப் புரிந்துகொள்ளச் சொல்வது மற்றொன்று. புதினத்தின் வேலை இரண்டாவது.

எழுத முனைவோருக்கு மூன்று கருத்துகளை முன்வைக்கிறேன். முதலாவதாக, வரலாற்றைத் திருத்தமாகக் கல்லுங்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிந்ததும், கங்காணி வழியான ஆள்சேர்ப்பை 1938-இல் இந்திய அரசு தடுத்ததும் உங்கள் கதைமாந்தரின் வாழ்க்கையை மாற்றியவை. ஆண்டு பிழைத்தால் மாயமும் பிழைக்கும். இரண்டாவதாக, மணிமேகலை காட்டியபடி மந்திரத்துக்கு விலை வையுங்கள். ஓர் உடுக்கை அடித்தவுடன் துரை திருந்திவிட்டார் என்று எழுதினால், போராடிய மனிதரின் உழைப்பை மந்திரம் திருடிக்கொள்ளும். மூன்றாவதாக, மலாய்ப் பாவாங்கும் சீனக் கோயில் சாமியாடியும் தமிழ்ப் பூசாரியும் ஒரே ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் என்பதை மறவாதீர்கள். அவர்களுள் யாரையும் கோமாளியாக்க வேண்டாம்.

மாணவச் செல்வங்களே, தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். மரத்தடியில் இருந்த முனீஸ்வரரின் கல்லும் சூலமும் சில இடங்களில் எண்ணெய்ப் பனைகளுக்கு நடுவே தனித்து நிற்கின்றன. அவற்றுக்கு வழிபாடு செய்தவர்கள் இன்று உங்கள் வீட்டுத் திண்ணையிலும் வரவேற்பறையிலும் அமர்ந்திருக்கும் முதியவர்கள். அவர்களோடு அக்கதைகளும் போய்விடும்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்கு மாணவர்களிடம் கட்டுரைப் பயிற்சி கொடுக்கும்போது, தாத்தா பாட்டியிடம் அவர்கள் வாழ்ந்த தோட்டத்தின் பெயர், அங்கிருந்த தெய்வத்தின் பெயர், அவர்கள் அஞ்சிய ஓரிடம் ஆகிய மூன்றையும் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். சொன்னவரின் சொற்களை மாற்றாமல் எழுதச் சொல்லுங்கள். 'பிரட்டு' என்பதைத் திருத்த வேண்டாம். அந்தத் தாள்களைப் பள்ளி நூலகத்தில் சேர்த்து வையுங்கள். அவற்றைப் படிக்கும் ஒரு மாணவியோ மாணவனோ ஒருநாள் அந்தப் புதினத்தை எழுதக்கூடும். அதில் அம்பிகா பிணமாக வராமல், பேசிக்கொண்டே வருவாள்.