சேற்றில் இறங்கும் கைக்குக் கூலியும் சான்றிதழும்

(புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆற்றையும் காட்டையும் சீர்ப்படுத்தும் வேலையில் நெடுநாள் வேலையற்றோரைப் பழக்கும் திட்டங்களைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். பின்வரிசையில் நிற்கிற இளைஞர்கள் கொஞ்சம் முன்னால் வரலாம். இது அவர்களைப் பற்றிய பேச்சு.

வேலையற்றோர் யார்? 1950களில் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது மூட்டை கட்டிக்கொண்டு சடக்கில் நின்றவர்கள் நம் தாத்தாக்கள். 1969இல் வேலைப் பெர்மிட் சட்டம் வந்தபோது குடியுரிமைத் தாள் இல்லாமல் கப்பலேறியவர்களும் நம்மவர்களே. அதன்பின் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனையையும் தள்ளிவிட்டு வீடமைப்புத் திட்டமும் தொழிற்சாலையும் கட்டினார்கள். முப்பது ஆண்டு நிரை பிடித்து மரம் வெட்டியவருக்குக் கையில் தொழில் இருந்தது. அதைச் சொல்லும் தாள்தான் இல்லை. 2018 முதல் நம் நாட்டில் வேலைக் காப்புறுதித் திட்டம் நடக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் அது சந்தா கட்டி வேலையிழந்தவருக்கு உரியது. அதிகம் போனால் ஆறு மாதம் உதவும். மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு வீட்டிலேயே முடங்கிக் கிடப்பவன் பெயர் அந்தக் கணக்கில் வராது.

இனி ஆற்றுக்கு வருவோம். நம் ஊர் வழியாக ஓடும் சுங்கை ரம்பை, சுங்கை கிலாங் ஊபி போன்றவையெல்லாம் ஜூரு ஆற்றில் சேர்கின்றன. கிலாங் ஊபி என்றால் மரவள்ளிக்கிழங்கு ஆலை. அந்தக் காலத்துத் தொழிலைப் பெயரே சொல்லும். 1970களில் பிறைத் தொழிற்பேட்டை வந்தபின் ஜூரு ஆற்றின் முகத்துவாரத்தில் மீன் செத்து மிதந்தது. குவாலா ஜூரு மீனவர்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் துணையோடு போராடினார்கள். கூட்டுறவாகச் சேர்ந்து சிப்பி வளர்த்தார்கள். ஆறு கெட்டால் முதலில் கெடுவது ஏழையின் அடுப்பு என்பதை அவர்கள் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஆற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று இப்போது பலர் புறப்படுகிறார்கள். அப்படி ஒரு நிகழ்ச்சிக்கு நம் பிள்ளைகள் முப்பது பேரை நாமே அழைத்துப் போனோம். நடத்தியவர் பெயர் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒரு பனியன், ஒரு தொப்பி, ஒரு சோற்றுப் பொட்டலம். இடுப்பளவு சேற்றில் இறங்கினார்கள். படம் பிடித்தார்கள், கைதட்டினார்கள். மறு மாதம் அதே கரையில் சேறு வாரும் வேலை குத்தகைக்குப் போயிற்று. நம் பையன் ஒருவன் போய் வேலை கேட்டான். "அனுபவச் சான்று இருக்கிறதா?" என்றார்கள். பனியனைத்தான் காட்டியிருக்க வேண்டும்! கோத்தோங் ரோயோங் நல்ல பண்பு, தோழர்களே. சம்பளக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து உதவினால் அது தொண்டு. வேலையற்றவனைக் கூலியின்றி இறக்கினால் அதற்கு வேறு பெயர்.

வேறு நாட்டில் எப்படிச் செய்தார்கள்? கரும்பு வெட்ட ஒரு கூட்டம் நம்மவர்கள் இந்தப் புரோவின்ஸ் வெல்லெஸ்லிக்கு வந்தார்கள். அதே கரும்புக்காக 1860 முதல் இன்னொரு கூட்டம் தென்னாப்பிரிக்காவின் நேத்தாலுக்குப் போயிற்று. அந்த நேத்தால் மண்ணில் பிறந்த இந்திய வம்சாவளியினர் காதர் அஸ்மால். மண்டேலா அரசில் நீர்த்துறை அமைச்சராக இருந்த அவர் 1995இல் 'தண்ணீருக்காக உழைப்போம்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த வாட்டில் மரம் ஓடைக்கரையெல்லாம் பரவி நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதை வெட்டும் வேலையை வேலையற்றோருக்கே கொடுத்தார்கள். பெண்களுக்குப் பெரும் பங்கு ஒதுக்கினார்கள்.

வெட்டினால் போதுமா? போதாது. அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும்; மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டுக்குப் பிறகும் முளைக்கும். லாலானோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே இயந்திர வாள் பிடிக்கவும், கட்டைக்கு மருந்து பூசவும், காயத்துக்கு முதலுதவி செய்யவும் பழக்கினார்கள். கூட்டத்தை நடத்துபவருக்குக் குத்தகைக் கணக்கெழுதவும் சொல்லிக்கொடுத்தார்கள். இப்படிப்பட்ட பொதுப்பணிகளுக்கென 2002இல் வகுத்த நெறியில், 22 நாள் வேலைக்குக் குறைந்தது 2 நாள் பயிற்சி என்று எழுதி வைத்தார்கள்.

குறையையும் மறைக்கக் கூடாது. ஐந்தாண்டுக்குள் ஒருவருக்கு 24 மாதத்துக்கு மேல் வேலையில்லை என்று அதே நெறியில் வரம்பு கட்டினார்கள். அடுத்தவருக்கும் வாய்ப்பு வேண்டும் என்பது நியாயமே. ஆனால் பழகிய கைக்கு அப்பால் வேலை எங்கே? பலர் வாளை ஒப்படைத்துவிட்டுப் பழைய திண்ணைக்கே திரும்பினார்கள். அங்கே வேலை தேடுவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இன்னும் வேலையில்லை. பயிற்சி முடிந்த மறுநாள் எங்கே போவது என்பதைப் பயிற்சி தொடங்குமுன்பே கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 2005இல் இந்தியாவில் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை என்றது. கேட்ட 15 நாளுக்குள் வேலை கொடுக்காவிட்டால் படி தர வேண்டும் என்றது. வேலூர்ப் பக்கம் வறண்டு கிடந்த நாகநதியில் ஏறத்தாழ 20,000 பெண்கள் இச்சட்டத்தின் கீழ்ப் பாடுபட்டார்கள். குழி தோண்டிச் சிமென்ட் வளையம் இறக்கிக் கல் நிரப்பினார்கள். ஓடையில் கல்லணை கட்டினார்கள். ஓடிப்போகும் மழைநீர் தேங்கி நிலத்துக்குள் இறங்கியது. கிணறுகளில் நீர் ஏறியது. ஆனால் சட்டத்தில் அவர்கள் வேலைக்கு என்ன பெயர் தெரியுமா? திறன் வேண்டாத உடலுழைப்பு!

அந்தச் சொல்தான் நம்மைச் சுடுகிறது. மலைச்சரிவில் மட்டம் பிடித்துப் படிக்கட்டு வெட்டியவர் யார்? மண் கரையாமல் குழி எடுத்து, மூடுகொடி பரப்பி, நாற்றுமேடையில் ஒட்டுக்கன்று கட்டியவர் யார்? கரை பெயர்ந்த ஓடைக்கும் மொட்டையான மலைக்கும் இன்று வேண்டியது இதே கைவேலை. நம் மூத்தவர்கள் வாத்தியாராக நின்றால் பின்வரிசைப் பிள்ளைகள் மூன்று மாதத்தில் பழகிவிடுவார்கள். "சேறு வாரவா படிக்க வைத்தேன்?" என்று ஒரு தாயார் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கூலியும் காலணியும் கையுறையும் சான்றிதழும் இல்லாத சேற்றில் உங்கள் மகனை இறக்காதீர்கள், அம்மா, நாமும் இறக்கமாட்டோம்.

நம் கோரிக்கை இதுதான். பயிற்சி நாளுக்கும் கூலி வேண்டும். மாதம் 1,700 வெள்ளி என்ற குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. முன்அனுபவத்தைச் சோதித்து மலேசியத் திறன் சான்றிதழ் கொடுக்கும் வழி இப்போதே இருக்கிறது. அதில் நம் மூத்தவர்களை முதலில் சேர்க்க வேண்டும். பழகியவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்தால், வாய்க்கால், ஆற்றங்கரை, மரநடுகைக் குத்தகைகளில் ஒரு பங்கை அவர்களுக்கே ஒதுக்க வேண்டும். கூட்டுறவு நமக்குப் புதிதல்ல. 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, பக்கத்துக் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கிக் காட்டியது. பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தார் 1997 முதல் அலையாத்திக் கன்று நட்டு வருகிறார்கள்; நட வருகிற மாணவர்கள் அந்த மீனவர்களிடம் கற்றுக்கொண்டு நடுகிறார்கள். கடலோரத்தில் மீனவர் ஆசான் ஆகலாம் என்றால், மலையோரத்தில் பால்வெட்டுத் தொழிலாளி ஏன் ஆகக் கூடாது?

கூட்டம் முடிந்ததும் வாசலருகே ஒரு மேசை போட்டிருப்பார்கள். பெயர் கொடுப்பவர்கள் வயதும் முகவரியும் மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்தத் தோட்டத்தில், எத்தனை ஆண்டு, என்னென்ன வேலை செய்தீர்கள், ஒட்டுக் கட்டத் தெரியுமா, காண் வெட்டத் தெரியுமா என்று விவரமாகச் சொல்லுங்கள். எழுத வராதவர்கள் வாயால் சொல்லுங்கள், நாம் எழுதிக்கொள்கிறோம்.